ஃபிளெக்ஸ் அடிக்கும் முன்: அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வீரர்களை அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் டென்னிஸ், நீச்சல், ஸ்குவாஷ், தடகள அகாடமிகள் நடத்துவோருக்கும், அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாகக் கட்டணம் பெறும் ஆலோசகர்களுக்கும்,

ஒவ்வோர் ஆண்டும் உங்கள் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் ஏறுகிறது. சிரித்த முகம், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சின்னம், கொட்டை எழுத்தில் ‘100% ஸ்காலர்ஷிப்’. அந்தப் பிள்ளை கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஃபிளெக்ஸில் வருவதில்லை. அதைப் பெற்றோரிடமும் நீங்கள் சொல்வதில்லை. 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிடும் ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்ததும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் கணக்கே புரண்டுவிட்டது. உங்கள் விளம்பர வாசகம் மட்டும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்த மௌனத்தை இனியும் பொறுக்க முடியாது என்பதால் எழுதுகிறோம். ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம், விசாத் தாள், வரிப் படிவம் இவற்றை வரிவிடாமல் வாசிப்பது எங்கள் வேலை.

அந்த வழியே பொய் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். தேஜஸ்வின் சங்கர், கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018இலும் 2022இலும் உயரம் தாண்டுதலில் வென்றார். அந்தப் பெயர்களை நீங்கள் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: ஸ்காலர்ஷிப் நிபந்தனைகளுள்ள ஓர் ஒப்பந்தம். அதன் ஒரு பக்கம் வழக்கறிஞர் படையோடு ஒரு நிறுவனம். மறுபக்கம் பதினெட்டு வயதுப் பிள்ளை, அதுவும் விசாவில் இருக்கும் பிள்ளை.

‘ஸ்டூடன்ட் அத்லீட்’ என்று பெருமையாக அச்சடிக்கிறீர்களே, அந்தச் சொல் பாசத்தில் பிறந்ததல்ல. 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குரிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில் என்சிஏஏவின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். வீரர்களை ஊழியர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டதாகப் பின்னாளில் அவரே எழுதிவைத்தார். 1974இல் ஆட்டத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு உடல் செயலிழந்த டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப்பும் இழப்பீட்டு வழக்கில் 2000இல் தோற்றார். காரணம் அதேதான்: அவர் ஊழியர் இல்லை. நீங்கள் அனுப்பும் பிள்ளையும் இந்தச் சொல்லுக்குள்தான் போய் நிற்கிறது. வேலை நேரம், விடுப்பு, காயம் என்று எது வந்தாலும் தொழிலாளர் சட்டத்தைக் காட்டிப் பேசுவது எளிதல்ல.

இனி ‘100%’ கணக்கு. எதில் 100 சதவீதம்? படிப்புக் கட்டணம், இதர கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் வழக்கமான பொருளில் முழு ஸ்காலர்ஷிப். அதற்கு மேல் பயணம், சில்லறைச் செலவு ஆகியவற்றையும் கூட்டினால் வருவது ‘காஸ்ட் ஆஃப் அட்டென்டன்ஸ்’. படிப்புக் கட்டணம் மட்டும் தள்ளுபடியான ஒரு கடிதத்தையும் ‘முழு’ என்றே உங்களில் பலர் சொல்கிறீர்கள்.

ஆண்கள் டென்னிஸை எடுத்துக்கொள்ளுங்கள். என்சிஏஏ தன் கல்லூரிகளை மூன்று பிரிவாக வகுத்திருக்கிறது. முதல் பிரிவில் பல்லாண்டுகளாக ஓர் அணிக்கு மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பாக இருந்தது. பத்துப் பேர் உள்ள அணியில் அதைப் பிரித்தால் ஆளுக்குப் பாதிகூடத் தேறாது. பெண்கள் டென்னிஸில் 8 பேருக்கு முழுதாகவே தர வேண்டும், பிரிக்கக் கூடாது என்று இருந்தது. பெண் வீராங்கனைகளுக்கு முழுத்தொகை எளிதாகக் கிடைத்த காரணம் இதுதான். ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இந்த இரண்டு விதியும் போய்விட்டன. இப்போது ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. அணியின் தலைக்கணக்குக்குத்தான் வரம்பு. டென்னிஸுக்கு 10, ஃபுட்பாலுக்கு 105, கூடைப்பந்துக்கு 15. பத்துப் பேருக்கும் முழுதாகத் தரலாம். ‘தரலாம்’தான், ‘தர வேண்டும்’ அல்ல. பெண்கள் அணியிலும் இனிப் பிரித்துத் தரலாம்.

பணம் எங்கே போகும் என்பதையும் அந்தச் சமரசமே காட்டிவிடுகிறது. 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாக ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை பகிரலாம். புதிதாகக் கூட்டித் தரும் ஸ்காலர்ஷிப்பில் 25 லட்சம் டாலர் வரை அந்த வரம்புக்குள்ளேயே கணக்கில் சேரும். டென்னிஸுக்கு ஒரு ஸ்காலர்ஷிப் கூட்டினால் ஃபுட்பால் வீரருக்குத் தரும் பங்கில் அந்த அளவு குறையும். விளையாட்டுத் துறை இயக்குநர் எந்தப் பக்கம் சாய்வார் என்று விளக்கத் தேவையில்லை. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் ஆண்கள் கூடைப்பந்தின் என்சிஏஏ போட்டித் தொடரில் ஆடியது. அதே மாதம், மூன்றாம் பிரிவுக்கு இறங்கப் போவதாக அறிவித்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

(ஸ்குவாஷ் அகாடமிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்குவாஷ் என்சிஏஏ விளையாட்டே அல்ல. முன்னணிக் கல்லூரி அணிகளில் பெரும்பாலானவை ஹார்வர்ட், யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் ஐவி லீக்கிலும் மூன்றாம் பிரிவிலும் இருக்கின்றன. இரண்டிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியை ‘ஸ்குவாஷ் ஸ்காலர்ஷிப்’ என்று ஃபிளெக்ஸில் போடுவதை இன்றே நிறுத்தலாம்.)

‘நாலு வருஷம் கவலையில்லை’ என்பது நீங்கள் சொல்லும் அடுத்த வாசகம். 1973 முதல் 2012 வரை ஸ்காலர்ஷிப்புகள் ஓராண்டுக்கு மேல் தரப்படவே இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிப்புதான். இன்று பல ஆண்டு ஒப்பந்தம் தரலாம், ஓராண்டு ஒப்பந்தமும் தரலாம். கடிதத்தில் ‘பீரியட் ஆஃப் அவார்ட்’ என்று ஒரு வரி இருக்கும். தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் அங்கே இருக்கும். நான்காண்டா ஓராண்டா என்பதை அந்த வரி சொல்லும், தொலைபேசியில் பேசிய கோச் அல்ல. கோச் வாயால் சொன்னது யாரையும் கட்டுப்படுத்தாது. அவர் அடுத்த வசந்தத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், புதிதாக வருபவர் தனக்குப் பிடித்த ஆட்களைத் தேடுவார்.

முதல் பிரிவில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆட்டம் சரியில்லை, காயம்பட்டுவிட்டது என்று சொல்லி ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கக் கூடாது என்பது 2024 ஆகஸ்ட் 1 முதல் அங்கே எல்லாக் கல்லூரிகளுக்கும் விதி. இரண்டாம் பிரிவுக்கோ, என்ஏஐஏ என்ற வேறோர் அமைப்பில் உள்ள கல்லூரிகளுக்கோ, ஈராண்டுப் படிப்பு தரும் ஜூனியர் கல்லூரிகளுக்கோ இது பொருந்தாது. உங்கள் பிள்ளைகளில் கணிசமானவர்கள் போவது அங்கேதான். முதல் பிரிவிலும் இந்த விதிக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது: மாணவர் தாமாக விலகினால் பாதுகாப்பு இல்லை. சீசன் முடிந்ததும் கோச் அறைக்குக் கூப்பிடுவார். “அடுத்த வருஷம் உனக்கு இடமில்லை. டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டுவிடு, உனக்கும் நல்லது” என்பார். கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல் அது. பிள்ளை போடும். பெயர் ஏறிய கணமே அது ‘தாமாக’ எடுத்த முடிவு. அந்தப் பருவம் முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்ய அந்தக் கல்லூரிக்கு உரிமை வந்துவிடுகிறது. துரத்திவிட்டதற்கான தடயம் எங்கேயும் இருக்காது.

இந்த இடத்தில் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த அறையில் எதற்கும் சம்மதிக்காமல் வெளியே வருவது. வந்த அன்றே, “இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், நான் விலக விரும்பவில்லை” என்று கோச்சுக்கும் நிதியுதவி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். புதுப்பிக்கப் போவதில்லை என்றால் கல்லூரி அதை ஜூலை 1க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேல்முறையீடு செய்யும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டை விசாரிப்பது விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழு. இந்த நான்கு வரியைத் துண்டுச்சீட்டில் அச்சடித்துப் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்புவதற்கு என்ன செலவாகிவிடும்?

விசாவைப் பற்றி நீங்கள் பேசுவது நேர்காணல் வரைக்கும்தான். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. ஸ்காலர்ஷிப் பறிபோனால் அமெரிக்க மாணவருக்கு அது பணப் பிரச்சினை. நம் பிள்ளைக்கு அது நாட்டில் இருக்கும் உரிமையே போகும் பிரச்சினை. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கும். அந்த வரியில் இருப்பதே ஸ்காலர்ஷிப்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை மாணவர் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் (பாடச்சுமையின் அளவு) படித்தாக வேண்டும். வழக்கமாக நடப்பது இது: வெளியூர்ப் போட்டிகளால் ஒரு பாடம் பின்தங்குகிறது. மதிப்பெண் கெடாமல் இருக்க அந்தப் பாடத்தை விட்டுவிடச் சொல்கிறார் விளையாட்டுத் துறையின் படிப்பு ஆலோசகர். அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லும் நல்ல யோசனை அது. 12 கிரெடிட் 9 ஆகிறது. விசா நிலை குலைகிறது.

பாடத்தை விடுவதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உள்ள பொறுப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். விட்ட பிறகு வாங்க முடியாது. உடல்நலக் காரணம் என்றால் மருத்துவரின் கடிதத்தோடு குறைந்த பாடச்சுமைக்கு அனுமதி கிடைக்கும். ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை. அனுமதியோடு படிப்பை நிறுத்தினால் நாட்டைவிட்டுப் புறப்பட 15 நாள் தருவார்கள். அனுமதியில்லாமல் நிறுத்தினால் ஒரு நாளும் இல்லை. போர்ட்டலில் பெயர் போட்டவர் புதிய கல்லூரி உறுதியாவதற்குள் பழைய ஸ்காலர்ஷிப்பை இழந்தால், விசாப் பதிவை மாற்றும் நாளும் பணம் நிற்கும் நாளும் ஒத்துப்போகாமல் நடுவில் மாட்டிக்கொள்வார். கோச்சுக்கு இது எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நீங்கள் சொல்லி அனுப்புவதுதான் தவறு.

பிறகு அந்தப் பெரிய பணம். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், உருவம், புகழ் ஆகியவற்றைக் கொண்டு சம்பாதிக்கலாம், என்ஐஎல் என்கிறார்கள். உங்கள் அறிமுகக் கூட்டங்களில் இந்த மூன்றெழுத்து பளபளக்கிறது. எஃப்-1 விசாவில் இருப்பவர் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே, தனி அனுமதியில்லாமல், எதுவும் கூடாது. ஷூ நிறுவனத்துக்காக ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு போட்டுக் காசு வாங்குவதும் வேலைதான். பர்டூ பல்கலைக்கழகத்தின் கனடா நாட்டு வீரர் ஜாக் ஈடி நாட்டின் தலைசிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராக இருந்தபோதும், அணித் தோழர்கள் வாங்கிய பணத்தை அவரால் அவர்களைப் போல வாங்க முடியவில்லை. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே 2022இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே விளம்பர வேலையை முடித்துக்கொண்டார்; அமெரிக்க மண்ணில் செய்தால் சிக்கல் என்பதால். அப்பா பெயரில் இந்திய வங்கிக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று காதோடு சொல்லும் ஆலோசகர்களே, எங்கே வேலை நடந்தது என்பதுதான் கேள்வி. பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்பதல்ல.

வரிக்கு வருகிறோம். இங்கேதான் குடும்பங்கள் திகைத்துப்போகின்றன. முழு ஸ்காலர்ஷிப் என்று போன பிள்ளையின் கல்லூரிக் கணக்கில் முதல் செமஸ்டரிலேயே பாக்கி காட்டும். படிப்புக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் தரும் தொகைக்கு அமெரிக்காவில் வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தருவதற்கு வரி உண்டு. எஃப்-1 மாணவர் என்றால் அந்தப் பகுதியில் 14 சதவீதத்தைக் கல்லூரி முன்கூட்டியே பிடித்தாக வேண்டும். பிடிப்பதற்கு ரொக்கம் கைமாறுவதில்லையே, ஆகவே மாணவர் கணக்கில் பாக்கியாக எழுதிவிடுவார்கள். தங்குமிடமும் சாப்பாடும் ஆண்டுக்கு 14,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் பிடித்தம் 1,960 டாலர். பாக்கி தீராவிட்டால் அடுத்த பருவப் பதிவு நின்றுபோகலாம். பதிவு நின்றால் 12 கிரெடிட் இல்லை. மேலே சொன்ன விசாச் சிக்கல் இந்த வாசல் வழியாகவும் வரும்.

ஆனால் இந்தப் பணத்தைத் திரும்பப் பெற வழியும் இருக்கிறது, அதுவும் இந்திய மாணவர்களுக்கென்றே. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு நம் மாணவர்களுக்கு ‘ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்’ சலுகையைத் தருகிறது; வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழித்த பிறகே வரி கணக்கிடும் சலுகை அது. பெரும்பாலான பிற நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. 2024ஆம் ஆண்டுக்குத் தனிநபருக்கு அந்தக் கழிவு 14,600 டாலர். வேறு வருமானம் இல்லையென்றால் மேற்கண்ட 1,960 டாலரும் முழுதாகத் திரும்பும். இதற்குப் பிடித்த வரியைக் காட்டிக் கல்லூரி தரும் 1042-எஸ் படிவம் வேண்டும். அதை வைத்து, வெளிநாட்டவருக்கான வரிப் படிவமான 1040-என்ஆர் தாக்கல் செய்ய வேண்டும். கூடவே 8843 படிவம். வருமானமே இல்லாத மாணவரும் 8843 தர வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர் டபிள்யூ-7 படிவம் கொடுத்து வரி அடையாள எண் வாங்க வேண்டும். அமெரிக்க மாணவர்கள் நிரப்பும் 1040 படிவத்தை அணித் தோழரைப் பார்த்து நிரப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீசனில் வாரத்துக்கு 20 மணி, நாளைக்கு 4 மணி, ஒரு நாள் ஓய்வு. சீசன் அல்லாதபோது வாரம் 8 மணி. இது ஏட்டில். போட்டி நாள் எத்தனை மணி நேரம் நீண்டாலும் ஏட்டில் 3 மணிதான். பயணம் கணக்கில் வராது. பிசியோவிடம் படுத்திருக்கும் நேரம் வராது. ‘விருப்பப்பட்டால் வரலாம்’ என்ற காலை ஜிம் வராது. வராமல் இருந்து பார்த்தால் தெரியும் அந்த விருப்பம் யாருடையது என்று. வியாழன் மாலை பஸ் ஏறி, வெள்ளியும் ஞாயிறும் இரண்டு ஆட்டம் ஆடி, ஞாயிறு நள்ளிரவு திரும்பும் டென்னிஸ் அணியின் போட்டிக் கணக்கு மொத்தம் 6 மணி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் சீசனில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் இதிலேயே கழிப்பதாக 2014இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் பதிவு செய்தார். ஆகவே அவர்கள் ஊழியர்களே என்றார். 2015இல் வாரியம் அந்த வழக்கில் தலையிடவே மறுத்துக் கோப்பை மூடியது.

பொறியியல் படிக்கலாம் என்று சொல்லி அனுப்புகிறீர்கள். மதியம் 2 மணிக்கு லேப். மதியம் 2 மணிக்குப் பயிற்சியும். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருந்தால்தான் முதல் பிரிவில் தொடர்ந்து ஆட முடியும். ஆகவே நடுவில் துறை மாறினால் முன்பு படித்தவை புதிய பட்டத்துக்குச் செல்லாமல் சதவீதம் இறங்கிவிடும். ஆலோசகர்கள் இதனால்தான் தொடக்கத்திலேயே எளிய துறைக்குத் தள்ளுகிறார்கள். இந்த அழுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வட கரோலினா பல்கலைக்கழகம் சாட்சி. 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்களில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பதிவுகளில் ஏறக்குறைய பாதி விளையாட்டு வீரர்களுடையவை. 2017இல் என்சிஏஏ இதற்குத் தண்டனை எதுவும் இல்லை என்று முடித்துக்கொண்டது.

காயத்தில் உடம்பு மட்டுமல்ல, தாளும் முக்கியம். கல்லூரியின் காப்பீடு பல இடங்களில் இரண்டாம் நிலைக் காப்பீடு. முதலில் மாணவரின் சொந்தக் காப்பீடு கட்டும், மிச்சத்தைத்தான் அது பார்க்கும். நீங்கள் மலிவாக எடுத்துத் தரும் பயணக் காப்பீட்டில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக் காயம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? 2024 ஆகஸ்ட் 1 முதல், கல்லூரி விளையாட்டில் பட்ட காயத்துக்கு, ஆடி முடித்த பிறகும் இரண்டாண்டு வரை, ஒரு காயத்துக்கு 90,000 டாலர் வரை என்சிஏஏ காப்பீடு உண்டு. ஆனால் காயம் பதிவில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இடம் போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைத்து ஆடுவார்கள். பதிவேட்டில் வராத முழங்கால் வலி காப்பீட்டின் கண்ணில் இல்லாத வலி. வலி தொடங்கிய அன்றே, அணியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெயினரிடம் சொல்லி எழுத வைக்க வேண்டும்; கல்லூரியை விட்டு வரும்போது இறுதி உடல் பரிசோதனையை மறுக்காமல் செய்து, நகல் வாங்கி வர வேண்டும்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2018 மே 29 அன்று பயிற்சி ஓட்டத்தில் ஃபுட்பால் வீரர் ஜோர்டன் மெக்நேர் வெப்பத் தாக்கத்தால் சரிந்தார். உடனே குளிர்நீர்த் தொட்டியில் இறக்கவில்லை. ஜூன் 13 அன்று இறந்தார். வயது 19. வெப்பத் தாக்கத்தில் முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். தொட்டி மைதானத்தருகே தயாராக இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை அல்ல. அணி மருத்துவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பணிவையும் கொஞ்சம் தளர்த்திச் சொல்லிக்கொடுங்கள். லாரி நாசர் என்ற மருத்துவரின் பாலியல் கொடுமைகளுக்காக மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. முறையிட்டவர்களை ஆண்டுக்கணக்கில் யாரும் நம்பவில்லை. தனி அறையில் சிகிச்சை என்றால் இன்னொருவர் உடனிருக்கக் கேட்கலாம் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் கட்டணம். ‘ஸ்காலர்ஷிப் தொகையில் இத்தனை சதவீதம்’, ‘இடம் கிடைத்தால் மீதிப் பணம்’ என்று ஒப்பந்தம் போடுகிறீர்கள். என்சிஏஏ விதியில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. வீரரின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தரும் சேவைக்குக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அந்தக் கட்டணம் அவர் ஸ்காலர்ஷிப்போடு கல்லூரியில் சேர்வதைப் பொறுத்து அமையக் கூடாது. அமைந்தால் அந்தச் சேவை அளிப்பவர் ‘ஏஜென்ட்’ ஆகிவிடுவார், ஆடும் தகுதி கேள்விக்குள்ளாகும். யாருடைய தகுதி? உங்களுடையது அல்ல, பிள்ளையுடையது. அதை மறைத்து என்சிஏஏவின் தகுதிச் சான்று மையத்தில் உறுதிமொழி கொடுத்தால் பொய்த் தகவல் ஆகும். பொய்த் தகவல், நடுவாண்டிலேயே ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்ய விதி அனுமதிக்கும் காரணங்களில் ஒன்று. உங்கள் கட்டண ரசீதே அந்தப் பிள்ளைக்கு எதிரான ஆவணம். இதைத் தெரிந்து செய்கிறீர்களா, தெரியாமல் செய்கிறீர்களா என்று எங்களுக்குத் தேவையில்லை. இரண்டில் எதுவானாலும் கட்டணம் வாங்கும் தகுதி உங்களுக்கு இல்லை.

ஆகவே கேட்கிறோம்.

சேர்க்கையைப் பொறுத்த கட்டணத்தையும் சதவீதக் கட்டணத்தையும் இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள். செய்யும் வேலைக்கு நிலையான கட்டணம் வாங்குங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே தொகை, ரசீதோடு. ஏற்கெனவே அப்படி வாங்கிய குடும்பங்களுக்கு இந்த விதியை எழுத்தில் தெரிவியுங்கள்.

முன்பணம் வாங்குவதற்கு முன் ஒற்றைத் தாள் ஒன்றைத் தமிழில் கொடுங்கள். கல்லூரி எந்தப் பிரிவு, ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்ததா, ‘பீரியட் ஆஃப் அவார்ட்’ எத்தனை ஆண்டு, மேலே சொன்ன ஐந்து செலவு இனங்களில் எவை அடங்கும், 14 சதவீதப் பிடித்தம் தோராயமாக எத்தனை டாலர், காப்பீடு முதல் நிலையா இரண்டாம் நிலையா, இந்தியாவுக்குத் திரும்பிய பின் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தருமா. தெரியாததைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்; கோச்சுக்கு அல்ல. பதில் வரும் வரை பிள்ளை கையெழுத்திட வேண்டாம்.

‘100%’ என்று ஃபிளெக்ஸில் போடுவதானால் அந்த ஐந்து இனமும் கடிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிடைத்தது எதுவோ அதை எழுதுங்கள்: ‘படிப்புக் கட்டணத்தில் 60 சதவீதம், ஓராண்டு’. அதுவும் பெருமைதான்.

அனுப்பிய பிள்ளைகளை இரண்டாம் ஆண்டு முடியும் வரை பின்தொடருங்கள். ஏப்ரலில் வரித் தாக்கல், ஜூலை 1க்கு முன் புதுப்பிப்புக் கடிதம், ஒவ்வொரு செமஸ்டரிலும் 12 கிரெடிட். இந்த மூன்றைக் கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கையையும், ஏன் வந்தார்கள் என்பதையும், பெயர் குறிப்பிடாமல், சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

அடுத்த தொகுதிப் பெற்றோருக்கான அறிமுகக் கூட்டத்துக்கு எங்களில் ஒருவரை அழையுங்கள், கட்டணம் வேண்டாம். இரண்டு மணி நேரமும், உண்மையான ஸ்காலர்ஷிப் கடிதம் ஒன்றின் பெயர் மறைத்த நகலும் போதும். அழைக்க விருப்பமில்லையென்றால், ஏன் இல்லை என்று அந்தப் பெற்றோரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.